அம்மன் அறுத்த சங்கிலி

இருபத்தைந்து ஆண்டுகளில் பதினான்கு சாமிப் படங்கள் எடுத்த இயக்குநர் அழகிரிசாமிக்கு, சாமியே இல்லாமல் ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று வெறி பிடித்துக்கொண்டது. சரவணம்பட்டி குடியிருப்பில் அவர் லிஃப்டில் ஏறினால் நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். எத்தனை நாள்தான் பொறுப்பது?

திருட்டுக் கதை ஒன்றை எழுதிக்கொண்டு, காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் தயாரிப்பாளர் நஞ்சப்பனிடம் போனார்.

"ஏனுங்க, ஒரேயொரு சூலமாச்சும் வருமுங்களா?"

"ஒரு எலுமிச்சம்பழங்கூட வராதுங்க."

நஞ்சப்பன் பெருமூச்சோடு ஒத்துக்கொண்டார். ஆனால் கதாநாயகி மோகனப்பிரியாதான் என்று அடம்பிடித்தார். இயக்குநரின் ஆறு படங்களில் அம்மனாக நின்றவள் அவள்தான்.

தாராபுரத்தில் முதல் நாள் படப்பிடிப்பு. நின்றிருக்கும் பேருந்துக்குள் மோகனப்பிரியா ஒரு பயணியின் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓட வேண்டும். பயணியாக நடிக்க வந்தவர் உள்ளூர்க்காரரான குழந்தையம்மாள். கழுத்தில் படக்கம்பெனி கொடுத்த கவரிங் சங்கிலி.

"ஆக்‌ஷன்!"

மோகனப்பிரியா கையை நீட்டினாள். குழந்தையம்மாள் பக்தியோடு எழுந்து, சங்கிலியைத் தானே கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். போதாதென்று தன் சொந்தத் தோட்டையும் திருகத் தொடங்கினார்.

"கட்! அம்மணி, திருடி, திருடின்னு நீங்க கத்தோணுமுங்க!"

"ஆத்தாளப் போயி திருடீங்கறதுங்களா? நாக்கு அழுகிப்போயிருமுங்க."

ஏழு டேக் போனது. ஏழாவதில் பின்சீட்டுப் பெண்களும் ஆளுக்கொரு வளையலைக் கழற்றிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்கள்.

"சார், நா என்னதானுங்க பண்றது?" கை நிறைய நகையோடு, அழாத குறையாகக் கேட்டாள் மோகனப்பிரியா.

திட்டத்தான் வாயைத் திறந்தார் அழகிரிசாமி. வந்தது சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். நகைகளையெல்லாம் உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அன்று மதியமே கதையை மாற்றினார். அம்மனாக நடித்துப் பேர்வாங்கிய ஒருத்தி திருடப் போகிறாள்; போகிற இடமெல்லாம் ஜனங்கள் கும்பிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்; பாவம், ஒரு பொருளையாவது உருப்படியாகத் திருட முடியவில்லை.

படம் வெளியான அன்று கோவையில் முதல் காட்சி. அழகிரிசாமியும் நஞ்சப்பனும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பேருந்துக் காட்சி வந்ததும் தியேட்டரே அதிர்ந்தது. அவர் படங்களுக்கு ஜனங்கள் அழுதிருக்கிறார்கள், அருள் வந்து ஆடியிருக்கிறார்கள். சிரித்து அவர் கேட்டதே இல்லை.

"என்னுங்க, கண்ணுல தண்ணி?" என்றார் நஞ்சப்பன்.

"செத்த நேரம் சும்மா இருங்க. காதுல உழுகட்டும்."