முன்னறைத் திரை

முன்னறையில் அண்ணி பல் டாக்டருக்கு அவருடைய புது வலைப்பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் நான் என் கணினி முன் உட்கார்ந்திருந்தேன். எங்கள் கம்பெனி என்பது இந்த இரண்டு அறையும் நாங்கள் இரண்டு பேரும்தான். டாக்டர் தலையாட்டினால் பிழைத்தோம், இல்லையென்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. வேறொரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. இன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும். அண்ணியிடம் எப்படி வாயைத் திறப்பது? அண்ணனைக் கேட்டால், "நாத்தனார், அண்ணி சமாச்சாரம். என்னை விட்ரு" என்று கழன்றுகொண்டான்.

டாக்டர் கேட்கும் திருத்தத்தை அவர் கண்ணெதிரே செய்து காட்டுவோம் என்று அண்ணி ஜம்பமாகச் சொல்லியிருந்தாள். அதற்காகத்தான் காலையில் ஓர் ஏற்பாடு செய்தேன். நான் ஃபைலை சேவ் செய்தால் போதும், பிரவுசரில் பக்கம் தானாகவே ரெஃப்ரெஷ் ஆகும். முன்னறைத் திரைக்கும் பக்கம் என் கணினியிலிருந்துதான் போகிறது. ஆனால் சோதித்துப் பார்க்கவில்லை.

இப்போது பார்த்தேன். தலைப்பை அழித்துவிட்டு 'சோதனை' என்று அடித்து சேவ் செய்தேன். என் திரை கல் மாதிரி இருந்தது. 'வந்து தொலை' என்று அடித்தேன். அசையவில்லை. முன்னறையில் டாக்டர் சிரித்தார். அண்ணி ஏதோ ஜோக் அடித்திருப்பாள் என்று நினைத்தேன்.

இங்கேயே வராதது அங்கே எங்கே வரப்போகிறது? மனதில் இருந்ததை விரல் தானாக அடித்தது: 'அண்ணி, எனக்கு வேற வேலை கிடைச்சிருக்கு. சொல்ல பயமா இருக்கு.' பழக்கதோஷத்தில் சேவ் செய்தேன்.

முன்னறையில் பேச்சு நின்றது.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அண்ணி வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"பிரவுசர்ல ஃபைலை நேரா திறந்து வெச்சிருக்கே. முன்னறையில மாதிரி சர்வர் முகவரியைப் போட்டுத் திறந்தாத்தானே தானா மாறும்?"

அவளே முகவரியை அடித்தாள். நான் எழுதிய வரி என் திரையிலும் கொட்டை எழுத்தில் வந்து நின்றது. எனக்குக் காது சூடேறியது.

"என்கிட்ட சொல்ல என்ன பயம்?"

"நீங்க தனியாயிடுவீங்களேன்னுதான் அண்ணி." குரல் எனக்கே கேட்கவில்லை. "டாக்டர் போயிட்டாரா?"

"உக்காந்திருக்கார். பக்கம் பிடிச்சிருக்காம். இனிமே இதை யார் பாத்துப்பாங்கன்னு மட்டும் கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அண்ணி அந்த வரியை அழித்துவிட்டுப் பழைய தலைப்பை அடித்தாள். சேவ் செய்தாள். இரண்டு அறையிலும் பக்கம் ஒரு முறை கண் சிமிட்டியது.

"உன்னைக் கேட்டுட்டு வரேன்னு சொன்னேன்."