ஆளுக்கு ஒரு சாண்

கல்லூரி திறக்கும் வாரத்தில் வீட்டுக்கார அம்மாவின் அறைச் சுவர் கட்டிலை நோக்கி நகரும். விடுமுறை விட்டால் பழைய இடத்துக்குப் போய்விடும். செங்கல் சூளையும் நாலு வீடும் மட்டுமே இருந்த புறநகரில் கல்லூரி வந்து, அதன் பின்னாலேயே ஜெராக்ஸ் கடைகள், சலவைக் கடை, மாடிக்கு மாடி தகரக் கூரை என்று முளைத்த காலத்தில் தொடங்கியது இது. எதற்கு அனுமதி இருந்தது என்று இங்கே யாரும் கேட்பதில்லை. கேட்பவர் வீட்டிலும் ஒரு தகரக் கூரை இருக்கும்.

கணவர் போன பிறகு தனக்கு ஓர் அறையை வைத்துக்கொண்டு மீதியை மாணவர்களுக்கு விட்டவர் அந்த அம்மா. சந்தேகப்படாவிட்டால் அவருக்குத் தலைவலி வரும். வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணித்தான் உள்ளே எத்தனை பேர் என்று முடிவு செய்வார். ஓசியில் தங்குகிற நண்பர்கள் செருப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு நுழைவது தெருவுக்கே தெரியும், அவரைத் தவிர. பயல்கள்தான் சுவரைத் தள்ளுகிறார்கள் என்று உறுதியாக நம்பி, கொத்தனாரான தம்பியைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னார்.

"அக்கா, வெளிப்பக்கம் ஒரு அங்குலம்கூட மாறல. விரிசலும் இல்ல. ஆனா உள்ள பதினோரு சாண் வந்திருக்கு. எத்தன பசங்க?"

"எட்டு ஜோடிடா. காலையிலதான் எண்ணினேன்."

"செருப்பையா எண்ணுன? போய் ஆள எண்ணு."

போய் எண்ணினார். எட்டுப் பேர் போக, மாணவர் அறைக் கதவுக்குப் பின்னால் இரண்டு பேர், அங்கிருந்த கட்டிலுக்கு அடியில் ஒருவன். அன்றே பதினோரு பேரையும் மூட்டை கட்டவைத்தார். சுவர் பின்னால் நகர்ந்தது, ஆனால் இந்த முறை பழைய இடத்தில் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது, கதவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. பத்தாம் நாள் கட்டிலிலிருந்து கதவுக்குப் போய்ச் சேர முற்பகல் முழுக்க ஆனது. கூப்பிட்டால் யாருக்கும் கேட்கவில்லை. இன்னும் ஒரு வாரம் போனால் தன் அறையைவிட்டுத் தன்னாலேயே வெளியேற முடியாது என்று முழங்கால் சொல்லிவிட்டது. மறுநாள் சொம்புத் தண்ணீரும் கைத்தடியுமாகக் கிளம்பி, நடுப்பகலில் கதவை எட்டி, 'அறை வாடகைக்கு' பலகையை வாசலில் மாட்டினார். சாயங்காலத்துக்குள் பதினோரு பேரும் திரும்பினார்கள். அவர்களோடு சுவரும் வந்தது.

இப்போது அந்த அறையில் கட்டிலுக்கு மட்டும்தான் இடம். ஒரு மதியம் படுத்தபடியே சாண் போட்டுப் பார்த்தவர் சுவரைத் தட்டினார்.

"டேய், பன்னெண்டாவது யாருடா?"

"யாரும் இல்ல ஆன்ட்டி!"

"சுவர் பொய் சொல்லாது. செருப்ப வெளிய வை."

பையின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. வாசலில் ஒரு ஜோடி செருப்பு விழுந்தது. அம்மா கால்களைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டு தூங்கிப்போனார்.