வெளிச்சத்தில் வரும் ஆள்

சிற்பி நஜியா ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். வெளியே உச்சி வெயில். உள்ளே இருட்டுக்குக் கண் பழகச் சற்று நேரம் பிடித்தது. மேசைமேல் பிளாஸ்டரில் வார்த்த ஒரு முழ உயரச் சுவர் நின்றது. நடுவில், ஓர் ஆளின் வடிவத்துக்கு வெட்டி எடுத்த ஓட்டை. சுவருக்கு இந்தப் பக்கம் ஊர். அதற்கு நிஜ மணலையே தூவியிருந்தாள். அந்தப் பக்கம் கடல். அதற்கு ஒரு நீலத் துணி. கடலில் காணாமல் போன பையன்களுக்காகத் துறைமுகத்தில் எழுப்பப்போகிற சுவரின் மாதிரி வடிவம் அது. கல் வந்து இறங்கிவிட்டது. வீட்டார் சரி என்று சொன்ன பிள்ளைகளின் பெயரை மட்டும் அதில் வெட்டிப் பொறிப்பதாக ஏற்பாடு.

மப்ரூக்கா இன்னும் சரி என்று சொல்லவில்லை. மகன் வஜ்தி பிழைப்புத் தேடிப் படகேறிப் போனபின் மூன்றாவது ஒலிவ அறுவடையும் முடிந்துவிட்டது. உடல் கிடைக்கவில்லை. நாற்பதாம் நாள் ஓதலுக்கு அடுப்பு மூட்டவும் அவள் விடவில்லை. பெயரை வெட்டச் சொன்னால், பிள்ளையைத் தன் கையாலேயே புதைத்த மாதிரி. அதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போகத்தான் இன்று புருஷன் மோன்ஜியோடு வந்திருந்தாள்.

"பொம்மைச் சுவத்துக்கு எதுக்கும்மா லைட்டு? கல்யாணமா?" என்றான் மோன்ஜி. ஒலிவச் செக்கில் வேலை. கைரேகையெல்லாம் எண்ணெய்க் கறுப்பு.

"வெயில் எப்படி விழும்னு பாக்கணும்ணே. கல்லை நட்டப்புறம் திருப்ப முடியாது."

"இவருக்கு எல்லாத்துலயும் கேலிதான். புள்ள போன அன்னிக்கும் செக்குல உக்காந்து சீட்டு ஆடின மனுஷன்," என்றாள் மப்ரூக்கா. பிறகு, யாரிடம் என்றில்லாமல், "சொல்லிட்டாவது போயிருக்கலாம். காலடியில தண்ணி ஊத்தி அனுப்பியிருப்பேன்."

பயணம் போகிறவன் வாசலைத் தாண்டியதும் பின்னாலேயே ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினால்தான் திரும்பி வருவான். வஜ்திக்கு யாரும் ஊற்றவில்லை. விடிந்து பார்த்தபோது கதவு தாழ் போடாமல் கிடந்தது, அவ்வளவுதான்.

நஜியா விளக்கை நீலத் துணியோரம் தாழப் பிடித்தாள். "இது காலை."

வெளிச்சம் ஓட்டை வழியாக வந்து மணலில் நீளமாக விழுந்தது. கால்களைச் சுவரடியில் ஊன்றி, தலையை மேசை விளிம்பில் வைத்து ஓர் ஆள் படுத்திருந்தான். அந்தத் தலை மப்ரூக்காவின் விரல்மேல் பட்டது. கையை இழுத்துக்கொண்டாள். மெதுவாகத் திரும்ப வைத்தாள்.

விளக்கு உயர உயர ஆள் சுருங்கி, சுவரடிக்கே போய் இல்லாமல் போனான். நஜியா விளக்கை மப்ரூக்காவின் தோளுக்கு மேலாகக் கொண்டுவந்து ஊர்ப்பக்கம் தாழ்த்தினாள். இப்போது அவன் மறுபக்கம் நீலத் துணிமேல் இறங்கி நீண்டுகொண்டே போனான்.

"கடலுக்கா போறான்?"

"சாயங்காலம் அப்படித்தான் விழும்க்கா. வேணும்னா சுவரைப் பக்கவாட்டுல திருப்பி நட்டுடலாம், கடல்மேல விழாது. ஆனா காலையிலயும் ஊருக்குள்ள வராது."

"திருப்பிடும்மா," என்றான் மோன்ஜி. "தெனமும் அவன் போறத இவ நின்னு பாக்கணுமா?"

மப்ரூக்கா எழுந்தாள். குடிக்கக் கொடுத்த தண்ணீர் அப்படியே இருந்தது. அதை எடுத்து, போய்க்கொண்டிருந்தவனின் பின்னால், சுவரடி மணலில் ஊற்றினாள். மணல் கறுத்தது. பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சி, ஈரம் சுவரில் மெல்ல ஏறியது. நஜியா தடுக்கவில்லை.

"திருப்ப வேணாம். பேரை ஊர்ப்பக்கம் வெட்டு," என்று சொல்லி உட்கார்ந்தாள். "இப்ப காலையாக்கு."

நஜியா விளக்கோடு மேசையைச் சுற்றிப் போய்க் கடலோரம் குனிந்தாள். ஈர மணல் மினுங்கியது. அதன்மேல் அவன் வந்தான். விளக்கை இன்னும் தாழ்த்தினாள். தலை மேசை விளிம்பைத் தாண்டி, மப்ரூக்காவின் மடியில் வந்து விழுந்தது. மோன்ஜி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.