பரு இல்லாத காசு

பல் கட்டுவது என் தொழில். மருத்துவர் அச்செடுத்து அனுப்புவார். அதை வைத்து நான் உலோகத்தில் வார்ப்பேன். முப்பது வருடம் இதையே செய்தவனுக்கு, சுத்தியலால் அடித்த பழங்காசு எது, நேற்று வார்த்த காசு எது என்று தெரியவில்லை என்றால் யாரிடம் சொல்லி அழ?

சின்ன வயதில் விட்டுவந்த ஊர் எங்கள் ஊர். அக்கா அங்கேயே தங்கிவிட்டாள். பித்தளைக் கைப்பிடி வார்க்கும் பட்டறையில் வேலை. எனக்கோ அந்த ஊரை ஆண்ட ராஜாக்களின் காசுமேல் பைத்தியம். உயிரோடிருக்கும் அக்காவுக்குப் போன் செய்ய நேரம் இருக்காது. எழுநூறு வருடத்துக்கு முன் செத்த ராஜாவுக்கு இருக்கும்.

ஒருமுறை குழாய் பதிக்க அவள் வீட்டுப் பின்புறம் தோண்டியபோது ஒரு செப்புக்காசு கிடைத்தது. குதிரைமேல் ராஜா. அன்றைக்கு அவளோடு ஒரு மணி நேரம் பேசினேன். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒன்று கிடைத்தது. "தம்பி, இன்னொண்ணு கிடைச்சிருக்குடா" என்று சொல்லி அனுப்பிவைப்பாள். நானும் கையிலிருக்கும் பல்லைப் போட்டுவிட்டுப் பேசுவேன்.

பதினோரு காசு சேர்ந்ததும் ஒரு பழங்காசு வியாபாரியிடம் பெருமையாகக் கொண்டுபோனேன். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"முதல் காசு அசல். மத்த பத்தும் அதை வச்சு வார்த்தது. குதிரைக் கால்ல எல்லாத்துலயும் ஒரே கீறல், பாருங்க. ஆமா, நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

சொன்னேன். அவர் சிரிக்காமல் இருந்தது அவருடைய பெரிய மனசு.

ராஜாவின் முகத்தில் சின்னச் சின்னப் பருக்கள். காலத்தின் தழும்பு என்று தடவித் தடவிப் பார்த்திருக்கிறேன். வார்த்த பல்லிலிருந்து என் மேசையில் தினமும் தேய்த்து எடுக்கிற அதே பரு.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. தெருவில் நின்றபடியே அக்காவைக் கூப்பிட்டேன்.

"என்னை முட்டாளாக்கிட்டியே! அதையாவது ஒழுங்கா செஞ்சியா? அச்சுமாவைக் கரைச்சு ஊத்துறப்ப அச்சுப்பெட்டியைத் தட்டிக்கிட்டே ஊத்தணும். தட்டலைன்னா குமிழி நிக்கும், குமிழி நின்னா காசுல பரு வரும். இதுகூடத் தெரியாம ஏமாத்த வந்துட்டா!"

"காசு கிடைச்சிருக்குன்னாத்தானேடா நீ பேசுறே" என்றாள்.

"இனிமே கிடைச்சாலும் பேசாதே."

அக்கா சொன்ன சொல் கேட்பவள். ஏழு மாதம் கூப்பிடவில்லை. நானாவது கூப்பிட்டிருக்கலாம். அவளே இறங்கி வரட்டும் என்று முறுக்கிக்கொண்டு இருந்தேன். எட்டாவது மாதம் அவள் மகள் அழைத்தாள். நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

போன வாரம் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே ஒரு காசு. அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அம்மா பெட்டியில இருந்துச்சு மாமா. வேலை முடிஞ்சும் பட்டறையிலேயே உக்காந்து வார்ப்பாங்க. சரியா வரலைன்னு திரும்பத் திரும்ப உருக்குவாங்க. இது வந்ததும், இதைப் பார்த்தா தம்பி பேசுவான்னு சொன்னாங்க."

"அப்புறம் ஏம்மா அனுப்பலை?"

"நீங்கதான் பேசாதேன்னு சொல்லிட்டீங்களாமே. நீங்களா கூப்பிடுறப்ப சொல்லலாம்னு வச்சிருந்தாங்க."

வேலை செய்யும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ராஜாவின் முகம், குதிரையின் பிடரி, காலில் அந்தக் கீறல். திட்டுவதற்காவது ஒரு பரு கிடைக்காதா என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை. அக்கா தட்டிக்கொண்டே ஊற்றியிருக்கிறாள்.