ராஜா சீட்டுக்கு ஒரு ரொட்டி

1

எங்கள் ஊர்ப் பழஞ்சாமான் சந்தையில் ஓட்டை குத்திய ஒரு சீட்டு வாங்கினேன். விளையாட்டுச் சீட்டுதான், ராஜா படம். பின்பக்கம் 'ஒரு ரொட்டி' என்று எழுதியிருந்தது. கதைக்குக் காரணம் அவ்வளவே. மிச்சம் கற்பனை.

முதல் தொடக்கம்: "1792ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பிரெஞ்சு தேசம்..." வேண்டாம். தேசம் ரொட்டி சுடாது.

2

பெரின் கூத்தார் சுடுவாள். கைம்பெண், ரொட்டிக்கடைக்காரி. புரட்சிக்குப் பிறகு செப்புக்காசை எல்லோரும் பதுக்கிவிட்டார்கள். அரசு நோட்டு பெரிய தொகை. ஒரு ரொட்டிக்கு அதை நீட்டினால் மீதி கொடுக்க வழியில்லை. அதனால் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை சில்லறைக்குப் பதில் சொந்தச் சீட்டு.

மன்னராட்சியை ஒழித்திருந்த அந்த நேரத்தில் ராஜாவைக் கையில் வைத்துச் சீட்டாடவே ஆட்கள் பயந்தார்கள். சாராயக்கடையில் ஒதுக்கிய ராஜாக்களைப் பெரின் மொத்தமாக அள்ளிவந்து, மாவில் ஓட்டை போடும் முள்கட்டையால் குத்தி, பின்பக்கம் 'ஒரு ரொட்டி' என்று எழுதிச் சில்லறையாகக் கொடுத்தாள். கட்டையில் ஒரு முள் உடைந்திருந்தது. அந்த இடைவெளிதான் அவள் கையெழுத்து.

3

லசார் வந்தான். நகரசபை ஆள்.

[இவனை வில்லனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவன் வீட்டு ரொட்டியும் இந்தச் சீட்டில்தான் வந்தது.]

புத்தாண்டு முதல் உள்ளூர்ச் சீட்டு எதுவும் செல்லாது, மீறினால் அடுப்பை மூடி முத்திரை என்றான். சேதி அதற்குள் பரவி, வெளியே சீட்டோடு வரிசை நின்றது. அத்தனைக்கும் ரொட்டி கொடுத்தால் மாவு காலி. கொடுக்காவிட்டால் பெரினின் வாக்கை இனி யாரும் நம்பமாட்டார்கள்.

"எல்லாத்தையும் அடுப்புல போட்டுடு, குடிமகளே."

"போன வருஷம் வரைக்கும் பெரின் அக்கா. இப்பப் புரட்சிப் பேச்சுல குடிமகளா?"

"சட்டம்க்கா. அதுவும் ராஜா மூஞ்சி வேற."

"அவன் மூஞ்சிய நம்பியா சனங்க வாங்குனாங்க? ஓட்டையப் பாரு. அது நான் குத்துனது."

லசார் வரிசையைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தி, எரித்துவிடச் சொல்லிக் கெஞ்சினான். அவள் அடுப்புக் கதவைத் திறந்துவிட்டாள்.

"சரி. முதல்ல உன் பையில இருக்கறதப் போடு. அப்புறம் என்னோடதப் போடறேன்."

லசாரின் கை சட்டைப்பைக்குள் போனது.

4

முடிவு ஒன்று: அவன் எரித்தான், அவளும்

இரண்டு: கூட்டம் கொதித்தெழுந்து நகரசபையை

இரண்டையும் அடித்துவிட்டேன். முதலாவது கோழைத்தனம், இரண்டாவது நாடகம். முத்திரை வைத்தார்களா என்று கேட்காதீர்கள். சட்டத்துக்கு என் கதையில் கடைசி வார்த்தை கிடையாது.

என் சீட்டு எரியவில்லை. ரொட்டியாகவும் மாறவில்லை. பெரின் கொடுத்த வாக்கு அதில் அப்படியே இருக்கிறது. பிடியுங்கள், இனி இது உங்களுடையது. கடை திறந்திருக்கிறது. லசாருக்குப் பின்னால் போய் நில்லுங்கள். அவன் கையை வெளியே எடுத்ததும் அடுத்த ஆள் நீங்கள்.