படத்தில் மட்டும் சூப்பர்வைசர்

தையற்காரம்மாவின் மகள் பேருந்து நிலையத்துக்கு எதிரே மூன்று ஆள் உயரத்துக்கு நிற்கிறாள் என்ற சேதி தெருவுக்குள் வந்தபோது காலை மணி பத்து. கொண்டுவந்தவள் தையற்காரம்மாவேதான். பட்டன் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனவள் பட்டனை மறந்துவிட்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். ஊர் எல்லையில் இருக்கிற வாஷிங் மெஷின் கம்பெனி புதிதாக ஒரு விளம்பரப் பலகை வைத்திருந்தது. ஐயாயிரம் பேர் வேலை செய்கிற கம்பெனி. நம் தெருவிலும் வீட்டுக்கு ஒரு கொடியிலாவது அதன் சீருடை காயும். பலகையில் தையற்காரம்மாவின் மகள் கைகட்டிக்கொண்டு சிரித்தாள். கீழே, 'இங்கே எல்லோருக்கும் இடம் உண்டு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பிறந்ததிலிருந்து காது கேட்காத பெண்ணுக்கு வேலை கொடுத்திருக்கிறோம் என்று கம்பெனி மார்தட்டிக்கொள்கிறது, தட்டிக்கொள்ளட்டும். ஆனால் தையற்காரம்மாவின் கண் எழுத்துப் பக்கமே போகவில்லை. மகளின் தலையிலேயே நின்றுவிட்டது. தலையில் வெள்ளை ஹெல்மெட்.

அந்தக் கம்பெனியில் நீல ஹெல்மெட் என்றால் தொழிலாளி, வெள்ளை என்றால் சூப்பர்வைசர். நம் தெருவில் பேச்சு வராத குழந்தைக்குக்கூட இது தெரியும். மகள் ஏழு வருஷமாக நீலம்.

"சூப்பர்வைசர் ஆயிட்டா! பெத்தவகிட்டகூடச் சொல்லல பாருங்க, அமுக்குணி!" என்று தையற்காரம்மா முதல் வீட்டு வாசலில் ஆரம்பித்தாள். கடைசி வீட்டுக்கு வருவதற்குள் மகளுக்குக் கீழே நூறு பேர் வேலை செய்தார்கள்.

"இனிமே துணி தைக்க நேரா வரலாமா, இல்ல ஆபீசரம்மான்னு அப்பாயின்ட்மென்ட் வாங்கணுமா?" என்றாள் மாடிவீட்டம்மா. இரண்டு வாரமாகத் தன் மேல்சட்டை தைத்து வராத எரிச்சல் அவளுக்கு.

மருந்துக்கடைக்காரர் மட்டும் தராசு பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்தார். "என் பையன் பதினோரு வருஷமா நீலத்துலயே கிடக்கான். சரி, நல்லது, நல்லதும்மா." இரண்டாவது 'நல்லது' வெளியே வரச் சற்று நேரமானது.

மாலையில் கம்பெனி பேருந்திலிருந்து இறங்கிய மகளைப் பார்த்து தெரு முழுக்கக் கட்டைவிரலை உயர்த்தியது. மருந்துக்கடைக்காரர் சல்யூட்டே அடித்தார். அவள் ஒன்றும் புரியாமல் பதில் சல்யூட் அடித்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள்.

அம்மாவும் மகளும் பேசிக்கொள்வது கையால். கையால் போட்டாலும் சண்டை சண்டைதான். பக்கத்தில் பாத்திரம் இருந்தால் சத்தமும் உண்டு. அன்று இரண்டு தட்டு விழுந்தது.

"அது என் ஹெல்மெட் இல்லம்மா" என்றன மகளின் கைகள். "போட்டோ எடுக்க வந்தவருக்கு நீலம் பிடிக்கல. படத்துல எடுபடாதாம். பக்கத்துல நின்ன சூப்பர்வைசர் தலையில இருந்து கழட்டி என் தலையில வச்சார். எடுத்து முடிச்சதும் திருப்பி வாங்கிட்டாங்க."

தையற்காரம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னும் கேளு. அந்த வேலைக்கு நான் ரெண்டு தடவ எழுதிப் போட்டேன். இன்டர்வியூவுக்குக்கூடக் கூப்பிடல. சூப்பர்வைசர்னா இன்டர்காம் அடிச்சா எடுத்துப் பேசணுமாம். விதிமுறையாம்."

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"உங்கிட்டச் சொன்னா, தெருவுக்குத் தனியாச் சொல்ல வேண்டியதில்லையே."

  தையற்காரம்மா வேறு வழியில் வந்தாள். "சரி, விடு. ரெண்டு மழை பெஞ்சா பலகை வெளுத்துடும். அதுவரைக்கும் நாம வாயை மூடிக்கிட்டு இருப்போம்."

"நான் எப்பவும் மூடிக்கிட்டுத்தாம்மா இருக்கேன். நீதான் பழகணும்" என்றாள் மகள். சிரிக்கவில்லை.

இப்போதைய சூப்பர்வைசர் அடுத்த மாதம் வேறு கட்டடத்துக்கு மாறுகிறார், இடம் காலியாகிறது, இந்த முறையும் விட்டால் இனி இல்லை என்று மகள் விளக்கினாள். பிறகு ஒரு தாளை எடுத்துக் கம்பெனிக்கு எழுதினாள். படத்தில் என் தலையில் இருக்கும் ஹெல்மெட் எனக்குக் கொடுக்கப்பட்டதல்ல. அந்த வேலைக்கு இரண்டு முறை விண்ணப்பித்தும் நேர்காணலுக்கு அழைக்கப்படவில்லை. ஒன்று, படத்தை இறக்குங்கள். அல்லது என்னை நேர்காணலுக்கு அழையுங்கள்.

தையற்காரம்மா தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள். ஏழு வருஷத்து வேலை. மாதம் பிறந்தால் சம்பளம் என்ற ஒன்றை அந்த வீடு பார்த்ததே இவளால்தான். பெரிய இடத்தில் போய், படத்தை இறக்கு என்று சொன்னால் படத்தை மட்டுமா இறக்குவார்கள்? கடைசியில் 'தங்கள் அன்பையும் ஆதரவையும் என்றும் மறவாத' என்றாவது ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கெஞ்சினாள். மகள் அந்த வரியை எழுதினாள். படித்துப் பார்த்தாள். அடித்தாள்.

ஒன்பது நாள் பதில் இல்லை. அந்த ஒன்பது நாளும் தையற்காரம்மா வாசலுக்கே வரவில்லை. மாடிவீட்டம்மாவின் மேல்சட்டைகூடத் தைத்து முடிந்துவிட்டது. பத்தாம் நாள் நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. கூடவே ஒரு குறிப்பு: கை மொழியைப் பெயர்த்துச் சொல்ல வீட்டிலிருந்து யாரையேனும் அழைத்து வரவும். ஐயாயிரம் பேருக்கும் இடம் கொடுத்த கம்பெனி, மொழிபெயர்க்கிற ஒருவருக்கு இடம் கொடுக்க மறந்திருந்தது.

"நான் என்ன சொல்றேனோ அதை மட்டும் சொல்லு" என்று மகள் மூன்று முறை சொல்லிக் கூட்டிப்போனாள். தையற்காரம்மா மூன்று முறையும் தலையாட்டினாள்.

எல்லோரையும் அரவணைப்பதற்கென்று கம்பெனியில் தனியாக ஒரு பிரிவு இருந்தது. வட்ட மேசை, ஆளுக்கொரு நிறத்தில் நாற்காலி, சுவரில் அதே படம். பிரிவுத் தலைவி நடுவயதுக்காரி. சிரித்த முகம், ஆனால் கண் கூர்மை. அவளுக்குப் பக்கத்தில் மனிதவள மேலாளர் தடிமனான விதிமுறைப் புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, யாரோ பிடுங்க வருகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இந்த வேலை உங்களுக்கு ஏன் வேணும்?" என்று தலைவி கேட்டாள்.

மகளின் கை இரண்டு முறை அசைந்தது. எனக்கு அந்த வேலை தெரியும்.

தையற்காரம்மா தொண்டையைச் செருமினாள். மகள் எட்டாம் மாதத்திலேயே எழுந்து நின்றது, கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தது, ஒரு நாள்கூடத் தாமதமாக வேலைக்குப் போகாதது, இதற்கெல்லாம் தான் பட்ட பாடு, தன் முதுகு வலி என்று வரிசையாக வந்தது.

தலைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, உங்க பொண்ணு ரெண்டு தடவைதானே கையை அசைச்சாங்க?" என்றாள்.

"எங்க பாஷை அப்படிங்க மேடம். ரொம்பச் சுருக்கமா இருக்கும்."

அம்மாவின் உதட்டைப் படிக்க மகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுந்து போய் வெள்ளைப் பலகையில் எழுதினாள்: 'முதுகு வலி வரை எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். எனக்கு அந்த வேலை தெரியும். அவ்வளவுதான்.' பிறகு, மூலையிலிருந்த பச்சை நாற்காலியை அம்மாவுக்குக் காட்டினாள். தையற்காரம்மா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

மேலாளர் புத்தகத்தைத் திறந்தார். "உங்க திறமையில எங்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்ல. ஆனா மேலிருந்து இன்டர்காம்ல கூப்பிட்டா சூப்பர்வைசர் உடனே எடுக்கணும். அது பாதுகாப்பு விஷயம். நீங்க எப்படி எடுப்பீங்க?" பேசியதையே தாளில் எழுதியும் நீட்டினார்.

மகள் அதன் கீழேயே பதில் எழுதினாள்: 'கீழே வந்து அடித்துப் பாருங்கள்.'

மகள் வேலை செய்கிற சோதனைக் கூடம் கீழ்த்தளத்தில். செய்து முடித்த மெஷின்களை அங்கே வரிசையாக நிறுத்தி முழு வேகத்தில் சுற்றவிட்டுப் பார்ப்பார்கள். ஒரே நேரத்தில் நாற்பது மெஷின், மெஷினுக்கு ஓர் ஆள், தரையே நடுங்கும். வாசலிலேயே எல்லோர் காதிலும் அடைப்பானைத் திணித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். தலைவியும் திணித்துக்கொண்டாள், தையற்காரம்மாவும்.

மேலாளர் ஓரத்துக் கண்ணாடி அறைக்குள் நின்று இன்டர்காமை அடித்தார். கூடத்துத் தூணில் இருந்த கருவி அடித்தது. அடிக்கிறதா என்று எப்படித் தெரியும்? தையற்காரம்மாவால் சும்மா நிற்க முடியுமா, போய்த் தொட்டுப் பார்த்தாள்; விரல் அதிர்ந்தது. அடிக்கத்தான் அடிக்கிறது. மூன்றடி தூரத்தில் வெள்ளை ஹெல்மெட் சூப்பர்வைசர் அதற்கு முதுகைக் காட்டி நின்று ஏதோ அட்டையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து, பத்து, பதினைந்து. மேலாளர் கண்ணாடிக்குப் பின்னால் வாயைத் திறந்து கத்துவது நன்றாகத் தெரிந்தது. கூடத்தில் ஒருத்தரும் திரும்பவில்லை.

அப்போதுதான் கோடியில் ஒரு மெஷின் குதிக்க ஆரம்பித்தது. உள்ளே எடை ஒரு பக்கம் சாய்ந்தால் அப்படித்தான், இடத்தை விட்டு நடக்கும். அருகிலிருந்த ஆள் முஷ்டியை உயர்த்தினார். மகள் அதற்கு முன்பே பார்த்துவிட்டிருந்தாள். உள்ளங்கையை முகத்துக்கு நேராக விரித்து, பட்டென்று மடக்கினாள். அவளைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து மூன்றாமவர். கை கையாகச் சேதி ஓடி, மறு கோடியில் ஒருவர் மின்விசையை இழுத்தார். மூன்று மூச்சு நேரம். நாற்பது மெஷினும் நின்றன.

தையற்காரம்மா திறந்த வாயை மூடவில்லை.

அந்தக் கை அசைவு அவளுடையது. மகளுக்கு இரண்டு வயது, கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, வாசலைத் தாண்டிச் சாலைக்கு ஓடும். அதை நிறுத்த அவளே கண்டுபிடித்த சைகை. எந்தப் பள்ளியிலும் சொல்லித்தருவதல்ல. இப்போது பார்த்தால் மீசை வைத்த ஆண்பிள்ளைகள் செய்கிறார்கள். ஒருவர் இரண்டு விரலை வெறுமனே உருட்டிக் காட்டினார், உடனே இன்னொருவர் திருகாணிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அதுவும் இவளுடையதே. தைக்கிற மெஷினில் நூல் தீர்ந்தால், 'எடுத்துட்டு வா' என்று மகளுக்குக் காட்டுவது. தன் வீட்டுக் கூடத்தில் இரண்டே பேர் பேசிய பாஷையில் ஒரு தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்தது.

மெஷின்கள் நின்ற அமைதியில் எல்லோரும் காதடைப்பானை எடுத்தார்கள். மேலாளர் கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்தார். "இருபது தடவ அடிச்சேன்! ஏன் எடுக்கல?"

சூப்பர்வைசர் நிதானமாகச் சொன்னார். "நாலு வருஷமா நான் அதை எடுத்ததே இல்ல சார். இந்தச் சத்தத்துல எனக்கு மட்டும் எங்க கேக்கும்? அவசரம்னா ஆள் அனுப்புவாங்க. மத்ததெல்லாம் கைதான். கத்துக்கொடுத்தது இவங்க."

"இதை மேல சொல்ல வேண்டாமா?"

"சொல்லத்தான் இன்டர்காம்ல கூப்பிட்டேன் சார். நீங்க எடுக்கல."

நாற்பது பேரும் ஒரே நேரத்தில் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டார்கள், சிரிப்பு தெரியாமலிருக்க.

தலைவி சிரிப்பை மறைக்கவில்லை. விதிமுறையில் அந்த வரியை இன்றே எடுத்துவிடச் சொன்னாள். வேலை உங்களுக்குத்தான், திங்கட்கிழமை உத்தரவு வரும் என்று மகளின் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். முதல் மூன்று மாதம் தற்காலிகம் என்று மேலாளர் தன் பங்குக்குச் சேர்த்தார். மகள் தாளில் கேட்டாள்: 'எல்லோருக்கும் மூன்று மாதமா?' எல்லோருக்கும்தான் என்றார். 'அப்படியானால் சரி.' கீழே இன்னும் இரண்டு வரி எழுதினாள். இன்டர்காம் அடித்தால் எரிகிற மாதிரி தூணில் ஒரு சிவப்பு விளக்கு வேண்டும், இங்கே இருக்கும் நாற்பது பேருக்காகவும். சம்பளத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், என் அம்மா வேண்டாம்.

சூப்பர்வைசர் கையிலிருந்த அட்டையை மகளிடம் நீட்டினார். "திங்கட்கிழமை வரைக்கும் என்ன? இப்பவே பாத்துக்கோம்மா, நான் டீ குடிச்சிட்டு வரேன்." மகள் அட்டையை வாங்கினாள், குதித்த மெஷினை ஓரம் கட்டச் சொன்னாள், கையை உயர்த்திச் சுழற்றினாள். முப்பத்தொன்பது மெஷினும் மறுபடி உறுமின.

தையற்காரம்மா வாசலை நோக்கி நடந்தவள்தான். வழியில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்த பருத்த ஆள் ஒருவர் அவளைப் பார்த்து, கையாலேயே கேட்டார்: அவங்க உங்க பொண்ணா?

அவள் கையால் சொன்னாள்: ஆமாம்.

அதோடு விட்டாளா? இவ்வளவு பெரிய கூடத்தில், இத்தனை ஆட்களுக்குத் தன் பாஷை தெரியும் என்றால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? எட்டாம் மாதத்தில் எழுந்து நின்றதிலிருந்து ஆரம்பித்தாள். அந்த ஆளும் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அடுத்த மெஷின்காரரும் எட்டிப் பார்த்தார். கணக்கில் முதலாவதாக வந்த இடத்துக்கு வரும்போது யாரோ தோளைத் தட்டினார்கள். மகள்.

"அம்மா, அவருக்கு வேலை இருக்கு. மூணு மெஷின் காத்துக்கிட்டு நிக்குது. நீ வெளிய போ."

"ஒரு நிமிஷம்டி, சொல்லி முடிச்சிடுறேன்."

மகளின் முகத்தில் மகள் இல்லை. விரல் நேராக வாசலைக் காட்டியது. பருத்த ஆள் அவசர அவசரமாகத் திருப்புளியை எடுத்துக்கொண்டார்.

தையற்காரம்மா வெளியே வந்தாள். வாசற்படியில் காவலாளி அவளது அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு, "என்னம்மா, அதுக்குள்ள கிளம்பிட்டீங்க?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

"அதை ஏன் கேக்குறீங்க!" என்று அவள் அங்கேயே சுவரில் சாய்ந்து வசதியாக நின்றுகொண்டாள். "லைன் ஓடுற நேரத்துல இங்க நிக்கக் கூடாதுன்னு சூப்பர்வைசரே என்னை வெளிய அனுப்பிட்டாங்க!"