அத்தாயி வீட்டுத் தகவல்

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். வாத்தியார் வேலைக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த மூன்று பேரைக் குழுவாகச் சேர்த்துக் கொல்லிமலைக்கு அனுப்பியிருந்தார்கள். மலைச் சனங்களின் பாடுகளைக் கேட்டறிந்து, மூவரும் சேர்ந்து ஒரே பாடமாக நடத்திக்காட்ட வேண்டும். காய்ச்சல் கண்டவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி ஆளுக்கொரு புட்டி கொயினா மாத்திரையும் தந்திருந்தார்கள். அளவு மிஞ்சினால் காதைக் கெடுத்துவிடும் என்று எச்சரிக்கையும் செய்திருந்தார்கள்.

"எங்க போறீங்க, என்ன பண்ணுனீங்கன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குங்க" என்று பெரிய வாத்தியார் தலைபாடாக அடித்துக்கொண்டார். கேட்கிற ஆட்களா இவர்கள்? நல்ல தகவல் கொண்டுவருகிறவனுக்குத்தான் பெயர் என்று மூவருக்கும் உள்ளுக்குள் ஒரு போட்டி.

வளப்பூர் நாடு என்ற மலையூர்ப் பகுதியில் மூவரில் ஒருவனான மாணிக்கத்துக்கு அதிர்ஷ்டம் அடித்தது. அத்தாயி என்ற பெண் சாமை விதைப்பது முதல் மிளகு உலர்த்துவது வரை வாய் ஓயாமல் சொன்னாள். உள்ளே அவள் மகள் பாவாயி காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தாள். மாணிக்கம் மனமிரங்கி, சிறுமி தாங்குகிற அளவு மாத்திரை கொடுத்து, "இப்பவே குடுத்துருங்க" என்றான்.

திரும்பும் வழியில் கூட்டாளி அர்த்தனாரி எதிர்ப்பட்டான். "எங்கடா போயிட்டு வாரே?"

"சும்மா, காத்தாட" என்று மழுப்பினான் மாணிக்கம். அத்தாயியைப் பங்கு போட்டுக்கொள்ள அவனுக்கு மனமில்லை.

பொழுது சாயும்போது மூவரும் கூடினார்கள். அர்த்தனாரி முந்திக்கொண்டான். "அத்தாயின்னு ஒரு அம்மா, மிளகைப் பத்தி என்னமாச் சொல்லுது! புள்ளைக்குக் காய்ச்சல். மாத்திரை குடுத்துட்டு வந்தேன்."

மூன்றாமவன் சின்னராசுவின் முகம் வெளுத்தது. "காலையிலயே நானுங் குடுத்தேனேடா."

  மாணிக்கம் எழுந்து அத்தாயி வீட்டுக்கு ஓடினான். மற்றவர்களுக்கும் விளங்கிவிட்டது; பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

பாவாயி வாந்தியெடுத்து ஓய்ந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாணிக்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மூணு பேர் குடுத்ததையுமா குடுத்தீங்க? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்க!"

அத்தாயி திகைத்துப்போனாள். "மூணு பேரும் ஒண்ணா வந்தவங்க. ஒருத்தரை ஒருத்தர் கேக்காமயா குடுப்பீங்கன்னு இருந்துட்டேனுங்க சாமி."

 அவமானம் தாங்காமல் மாணிக்கம் சிறுமியின் பக்கம் குனிந்தான். "பாவாயி, கண்ணு."

அவள் திரும்பவில்லை. சத்தமாகக் கூப்பிட்டான். காதருகே கை தட்டினான். அத்தாயி பதறிப்போய் மகளைப் பிடித்து உலுக்கி, பெயர் சொல்லிக் கதறினாள்.

பாவாயி எல்லோருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏம்மா, அல்லாரும் வாயை மட்டும் அசைக்கறீங்க? பேசுங்கம்மா."